இரண்டு மணியில் நிற்கும் வொலியூம் குமிழ்: ஸ்பீக்கருக்கு ஆபத்தா?

கேள்வி: அண்ணா, வெள்ளவத்தையில் இரண்டாம் மாடி பிளாட்டில் இருக்கிறேன். ஹோல் 14 அடிக்கு 11 அடி, உயரம் 10 அடி. யப்பான் அம்ப் (அம்பிளிஃபயர்) ஒன்று பழசாக வாங்கினேன், ஒரு பக்கத்துக்கு 50 வாட். ஸ்பீக்கர் மாமா லண்டனில் இருந்து அனுப்பிய சின்னச் சோடி. பின்னால் 8 ஓம், 87 டெசிபெல், 100 வாட் என்று இருக்கிறது. போனில் இருந்து புளூடூத் பெட்டி வழியாகப் பாட்டு. சில இடங்களில் பேஸ் குமுறுகிறது, சில இடங்களில் பேஸே இல்லை, குரலும் தெளிவில்லை. அதனால் பேஸ், ட்ரெபிள் இரண்டையும் கூட்டி, லவுட்னஸும் போட்டு, வொலியூம் குமிழைக் கடிகார முள் இரண்டு மணியில் நிற்பது போல வரும் வரை திருப்பினேன். கரகரத்தது. பயத்தில் நிறுத்திவிட்டேன். ஸ்பீக்கர் பழுதாகியிருக்குமா? 100 வாட் ஸ்பீக்கருக்கு 50 வாட் அம்ப் பாதுகாப்புத்தானே?

தம்பி, கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். ஆபத்து அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

பெட்டியின் பின்னால் உள்ள 100 வாட் முழுப் பெட்டிக்கும் சேர்த்த கணக்கு. இசையில் சக்தியின் பெரும்பங்கு கீழேயும் நடுவிலும் இருக்கும், மேலே போகப் போகக் குறைந்துவிடும் என்று எடுத்துக்கொண்டு போட்ட எண் அது. உள்ளே மேல் சுரங்களைத் தரும் சின்ன ஸ்பீக்கர்தான் ட்வீட்டர், அதன் சுருள் தலைமயிர் அளவு மெல்லிய கம்பியால் சுற்றப்பட்டது. அது தனியாகத் தொடர்ந்து தாங்குவது சில வாட், நல்லதென்றால் பத்து வாட்டுக்கு அங்கால் இங்கால். 50 வாட் அம்பிடம் 120 வாட் கேட்டால் அது இல்லையென்று சொல்லாது. அலையின் உச்சியை வெட்டித் தட்டையாக்கி அனுப்பும். நீங்கள் கேட்ட கரகரப்பு பெரும்பாலும் அதுதான், கிளிப்பிங் என்பார்கள். வெட்டுப்பட்ட பிறகும் குமிழைத் திருப்பினால் உச்சிகள் உயர இடமில்லை, ஆனால் மெல்லிய பகுதிகள் எல்லாம் உயர்ந்துகொண்டே போகும். சராசரிச் சக்தி ஏறும். பேஸ் மேலே முட்டி நின்றுவிட, ட்ரெபிள் மட்டும் இன்னும் ஏறும். வெட்டிய விளிம்பில் பிறக்கும் புதிய மேல் அலைகளும் ட்வீட்டருக்குத்தான் போய்ச் சேரும். சுத்தமாக 50 வாட் தரும் அம்ப், அலை முழுக்கச் சதுரமாக வெட்டுப்பட்டால் 100 வாட் தரும். சிறிய அம்ப் வைத்திருப்பவர்களின் ட்வீட்டர் போவது இப்படித்தான். 100 வாட் அம்பைச் சுத்தமாக ஓட்டுகிறவரின் ஸ்பீக்கர், 30 வாட் அம்பைக் கதற விடுகிறவரின் ஸ்பீக்கரை விட நீண்ட காலம் இருக்கும்.

குமிழ் எத்தனை மணியில் நிற்கிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சீடி பிளேயர்களும் பல புளூடூத் பெட்டிகளும் 2 வோல்ட் வரை தருகின்றன. பழைய அம்புகளில் பல, அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே முழுச் சக்தியையும் தந்துவிடும். பலமாகப் பதிந்த பாட்டென்றால் பத்து மணியிலேயே அம்ப் எல்லையைத் தொட்டிருக்கும். மெல்லப் பதிந்த பழைய பதிவென்றால் மூன்று மணியிலும் ஒன்றும் ஆகாது. காதைத்தான் நம்ப வேண்டும். பாட்டின் பலமான இடத்தில் மட்டும் ஓசை கரடாகி, 'ச', 'ஷ' எழுத்துகள் கிழிந்து கேட்டால் அங்கிருந்து குமிழைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், விவாதம் வேண்டாம்.

உங்கள் சாமானுக்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 87 டெசிபெல் என்றால் ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றரில் அளந்தது. இரண்டு ஸ்பீக்கர், ஒன்பதடி தூரத்தில் நீங்கள், சுவர்களில் பட்டு வருவதையும் சேர்த்தால் ஆளுக்கு ஒரு வாட்டில் சுமார் 84 டெசிபெல் உங்கள் காதுக்கு வரும். 84 டெசிபெல் என்பது ஹோலில் பக்கத்தில் இருப்பவரோடு குரல் உயர்த்திக் கதைக்க வேண்டிய அளவு. சராசரி 80இல் கேட்கிறீர்கள் என்று வையுங்கள், மேளமோ மிருதங்கமோ விழும் உச்சி அதைவிட 15 டெசிபெல் மேலே போகும். அந்த 95ஐத் தொட ஏறக்குறைய 12 வாட் போதும். 50 வாட் அம்ப் சிரித்துக்கொண்டே செய்யும். இப்போது பேஸ் குமிழை 6 டெசிபெல் கூட்டுங்கள். கீழ்ச் சுரத்தில் தேவை நான்கு மடங்காகி 50ஐத் தொட்டுவிடும். 10 டெசிபெல் கூட்டினால் பத்து மடங்கு, 120 வாட்டுக்கும் மேலே. அதன் மேல் லவுட்னஸ் வேறு. சத்தம் பெரிதாகக் கூடிய மாதிரியும் இருக்காது, அம்ப் மட்டும் தலையை முட்டிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்று எழுதித் தருவேன்.

லவுட்னஸ் பட்டன் கெட்டதில்லை. மெல்லிய சத்தத்தில் நமது காதுக்குப் பேஸ் குறைவாகத்தான் கேட்கும் என்று பிளெச்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினார்கள், அந்தக் குறையை நிரப்ப வந்த பட்டன் அது. இரவு பத்து மணிக்குப் பிள்ளைகள் படுத்த பிறகு மெல்லக் கேட்க அதைப் போடுங்கள். வொலியூம் ஒன்பது மணியைத் தாண்டினால் எடுத்துவிடுங்கள்.

ஸ்பீக்கர் பழுதா என்று பார்ப்போம். அம்பை அணைத்துவிட்டு, பேஸைத் தரும் பெரிய ஸ்பீக்கரான வூஃபரின் கோனை (முன்னால் தெரியும் கூம்பை) நான்கு விரல் நுனியால் நடுமூடியைச் சுற்றிச் சமமாக, மெல்ல உள்ளே தள்ளி விடுங்கள். வழுக்கிப் போய் வந்தால் நல்லது. மணல் உரசுவது போல ஒரு 'சர்' கேட்டால் சுருள் வெந்து வீங்கியிருக்கிறது அல்லது நடுவில் இருந்து விலகியிருக்கிறது. ட்வீட்டரை மட்டும் தொடாதீர்கள், அதன் குவிந்த மூடியை விரலால் அமுக்கிப் பள்ளம் விழுத்தியவர்கள் ஏராளம். அதற்குச் சோதனை வேறு. அம்பில் மோனோ பட்டன் (இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஒலியை அனுப்புவது) இருந்தால் போட்டு, சத்தத்தைக் கதைக்கிற அளவுக்கு வைத்து, இரண்டு ட்வீட்டருக்கும் முன்னால் மாறி மாறிக் காதைக் கொண்டுபோங்கள். தம்புராவோ ஜால்ராவோ உள்ள பதிவு இதற்கு நல்லது. ஒரு பக்கம் மங்கலாகவோ கரகரப்பாகவோ இருந்தால் வயரை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். குறை ஸ்பீக்கரோடு போனால் ஸ்பீக்கர், அம்பின் பக்கத்திலேயே நின்றால் அம்ப். ஸ்பீக்கரைக் கழற்றி மல்டிமீற்றரில் ஓமும் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீற்றரில் ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் காட்டும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. ஆனால் ட்வீட்டர் செத்திருந்தாலும் இந்த எண் மாறாது, கீழ்ச் சுரம், மேல் சுரம் என்று பிரித்து அனுப்பும் கிராஸோவரில் உள்ள கப்பாசிற்றர், மீற்றரின் டிசியை (ஒரே திசையில் ஓடும் நேர் மின்சாரத்தை) ட்வீட்டருக்குப் போக விடாது. அதனால் ட்வீட்டருக்குக் காதுதான் சாட்சி. எரிந்த வார்னிஷ் வாசனை ஏதும் அன்று அடிக்கவில்லை, இப்போது மெல்ல வைத்தால் சுத்தமாகக் கேட்கிறது என்றால் தப்பிவிட்டது. பெரும்பாலும் தப்பியிருக்கும். ஸ்பீக்கர்கள் நாம் நினைப்பதை விடப் பொறுமையானவை, ஒரு நாள் கரகரப்புக்கு உடனே சாவதில்லை, மணிக்கணக்காக வெட்டுப்பட்ட சத்தத்தில் ஓடும் பிறந்தநாள் பார்ட்டிகளில்தான் சாகின்றன.

எனக்கு உங்கள் ஸ்பீக்கரை விட அந்த அம்பைப் பற்றித்தான் கவலை. யப்பானில் இருந்து வந்த பழைய சாமான் என்றால் முதலில் பின் தகட்டைப் பாருங்கள். யப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. '100 வோல்ட்' என்று மட்டும் எழுதியிருந்தால் ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாமல் ஒரு நிமிடமும் ஓட்ட முடியாது. ஏற்றுமதிக்குச் செய்த சிலவற்றில் வோல்ட் மாற்றும் சுவிட்ச் இருக்கும், அது 220 அல்லது 240இல் நிற்க வேண்டும். ட்ரான்ஸ்ஃபோமர் தந்திருந்தால் அதன் வாட் அளவு, அம்பின் பின்னால் எழுதியிருக்கும் மின்சாரச் செலவை விட ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். சின்னதைப் போட்டு மிச்சம்பிடித்தால் பலமான இடத்தில் வோல்ட் விழுந்து அம்ப் இன்னும் சீக்கிரம் வெட்டத் தொடங்கும், திரும்பவும் ட்வீட்டர் கதைதான்.

அடுத்தது டிசி. வூஃபரை எரிக்கும் எதிரி இதுதான், இது சத்தமே போடாமல் எரிக்கும். அம்பின் வெளியேறும் ட்ரான்சிஸ்டர் ஒன்று போனால் இசைக்குப் பதிலாக நேர் மின்சாரம் ஸ்பீக்கருக்குள் போகும். கோன் ஒரு பக்கம் இழுபட்டு அப்படியே நிற்கும், சுருள் புகையும். நல்ல அம்பில் இதைப் பிடிக்க ரிலே உண்டு, சுவிட்ச் போட்டுச் சில விநாடி கழித்து 'டிக்' என்று கேட்பது அதுதான். உங்கள் அம்பில் அந்த டிக் கேட்கிறதா? கேட்டாலும் அளந்து பாருங்கள். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு, வொலியூமைச் சைபரில் வைத்து, அம்பைப் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். மீற்றரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு, கறுப்பு முனைகளில் பிடியுங்கள். கம்பிகள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. 30 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் நிம்மதியாக இருக்கலாம், 50 வரை பரவாயில்லை. 100ஐத் தாண்டினால் ஸ்பீக்கரைத் திரும்பக் கொழுவாமல் ரிப்பேர்காரரிடம் கொண்டுபோங்கள். மீற்றர் இல்லையென்றால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எலெக்ட்ரோனிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் மலிவாக ஒன்று வாங்கலாம். ஒரு ட்வீட்டர் தேடி அலைவதை விட அது லாபம்.

பழைய அம்பில் ஒரு பக்கம் மெல்லியதாகி, வொலியூமைக் கூட்டினால் திடீரென்று வருகிறதா? அது ரிலேயின் தொடுமுனை கறுத்த குறி. குமிழ் திருப்பும்போது கரகரத்தால் அதற்குள் தூசு, கொன்ராக்ற் கிளீனர் அடித்துப் பத்திருபது தடவை திருப்பினால் போய்விடும். கண்ட எண்ணெயையும் அடிக்காதீர்கள். மூடியைக் கழற்ற நேர்ந்தால் பல்லி ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சூடான இடம் தேடி அம்புக்குள் போய்ச் செத்துச் சேர்க்கிற் போர்ட்டில் ஒட்டிக்கிடக்கும் பல்லி நம்மூரில் ஒரு நிரந்தரப் பிரச்சினை. மூடியைக் கழற்றினால் பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், பிறகும் பெரிய கப்பாசிற்றர்களில் மின் நிற்கும், விரலை விடாதீர்கள்.

இனி உங்கள் முதல் குறை. சில இடத்தில் குமுறல், சில இடத்தில் வெறுமை, குரல் மங்கல். இது ஸ்பீக்கரின் குறையுமில்லை, அம்பின் குறையுமில்லை, 14க்கு 11 அடி ஹோலின் குணம். இதைக் குமிழ்களால் சரிசெய்யப் போனதால்தான் அம்ப் கரகரத்தது.

எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையில் அரை அலை சரியாகப் பொருந்தும் சுரம் அறைக்குள் நின்று முழங்கும். நமது வெக்கையில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீற்றர் போகும். உங்கள் 14 அடிக்கு அந்தச் சுரம் 41 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு 41 அதிர்வு), 11 அடிக்கு 52, பத்தடி உயரத்துக்கு 57. பேஸ் கிற்றாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் வருவதும் 41தான். மூன்றும் கிட்டக் கிட்ட நிற்கின்றன, அதனால் அந்தப் பகுதியில் எந்த நோட் விழுந்தாலும் ஹோல் 'ஊம்' என்று இழுக்கும். செற்றி பின் சுவரோடு ஒட்டியிருக்கிறது என்று நினைக்கிறேன், பிளாட்டுகளில் வேறு எங்கே போடுவது. சுவரடியில்தான் இந்த முழக்கத்தின் அழுத்தம் உச்சம். செற்றியை ஒன்றரை இரண்டு அடி முன்னால் இழுத்து, அதே பாட்டை, அதே வொலியூமில் கேளுங்கள். ஒரு சதம் செலவில்லாத இந்த மாற்றம், நான் பார்த்த பிளாட் ஹோல்களில் எந்தப் புதுக் கேபிளும் தராத வித்தியாசத்தைத் தந்திருக்கிறது. அறையின் சரி நடுவில் இருக்காதீர்கள், அங்கே 41 செத்துப்போகும். பேஸே இல்லை என்று திரும்ப எழுதுவீர்கள்.

ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது? ரீவி அலுமாரிக்குள் தள்ளியிருந்தால் இன்றே வெளியே எடுங்கள். மூலைக்குள் இருந்தாலும் அப்படித்தான், மூன்று தளங்கள் சேரும் இடத்தில் பேஸ் ஊதிப் பெருக்கும். கோன் பின் சுவரில் இருந்து இரண்டு அடி தள்ளி நிற்கும்போது, சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 145 ஹேர்ட்ஸ் அளவில் நேரே வருவதை எதிர்த்து அடித்து ஒரு பள்ளம் விழுத்தும். ஆண் குரலின் அடிச்சுரம் கிடப்பது அந்தப் பக்கத்தில்தான், உங்களுக்குக் குரல் வெறுமையாகக் கேட்பதற்கு ஒரு காரணம் இப்படியான பள்ளமாக இருக்கலாம். மூன்று அங்குலம் முன்னே, மூன்று அங்குலம் பின்னே என்று நகர்த்திக் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள். பின் சுவருக்கு உள்ள தூரமும் பக்கச் சுவருக்கு உள்ள தூரமும் ஒன்றாக இருக்க வேண்டாம், இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் விழும். ட்வீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வர வேண்டும். ஸ்டாண்ட் வாங்கக் காசு கொட்டத் தேவையில்லை, மொறட்டுவைத் தச்சர் ஒருவர் பாரமான பலகையில் ஒரு சோடி அடித்துத் தருவார். அடியில் ரப்பர் வையுங்கள், கீழ் வீட்டுக்காரருக்கும் நல்லது.

தரை மாபிள், யன்னல் கண்ணாடி, சுவர் சீமெந்து. நடு ஹோலில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். 'டிர்ர்ர்' என்று நடுங்கிக்கொண்டு திரும்பினால் குரல் தெளியாததற்கு மற்றக் காரணம் அதுதான். ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் இடையில் தடித்த விரிப்பு, யன்னலுக்குப் பாரமான திரைச்சீலை, பின் சுவரில் புத்தக அலுமாரி. முட்டைத் தட்டு ஒட்டுவது வீண், அது பேஸைத் தொடாது, வீட்டையும் வடிவில்லாமல் ஆக்கும். ட்ரெபிள் குமிழைத் திருப்பி அடைய நினைத்த தெளிவு இந்த விரிப்பில் இருந்து வரும், ட்வீட்டரும் தப்பும்.

வயர் மாறிக் கொழுவியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். மோனோவில் ஒரு பெண் குரலைப் போட்டு நடுவில் இருங்கள். குரல் இரண்டு பெட்டிக்கும் சரி நடுவில் ஒரு ஆள் நின்று பாடுவது போல வர வேண்டும். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் பரவி, பேஸும் மெலிந்தால் ஒரு பக்கத்தின் சிவப்பு கறுப்பு மாறியிருக்கிறது. இதைக்கூடப் பார்க்காமல், சுரங்களைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சும் குமுறலுக்கு ஈக்குவலைசரைத் தொடலாம். ஒரே விதி: குறைக்கலாம், கூட்டக் கூடாது. 52 பக்கத்தில் முழங்கினால் அதை ஒடுக்கமாக 5, 6 டெசிபெல் இறக்குங்கள். அம்புக்கும் வூஃபருக்கும் அந்தளவு சுமை குறையும். பள்ளத்தை நிரப்பப் போகாதீர்கள், எதிரொலி தின்னும் சுரத்துக்கு எத்தனை வாட் கொடுத்தாலும் அதையும் தின்றுவிடும். போனில் உள்ள ஈக்குவலைசரில் ஏதாவது ஒன்றைக் கூட்டியே ஆக வேண்டுமென்றால், கூட்டிய அளவுக்கு அதன் ப்ரீஅம்பை (மொத்த அளவை) இறக்குங்கள். 6 கூட்டினால் 6 இறக்குங்கள். இல்லாவிட்டால் போனுக்குள்ளேயே அலை வெட்டுப்படும், வொலியூம் ஒன்பது மணியில் இருக்கும்போதே கரகரப்பு வரும், அம்பைச் சும்மா சந்தேகிப்பீர்கள். உங்கள் கரகரப்பில் இதுவும் ஒரு பங்காக இருக்கலாம். ஆழமாக இறங்க விரும்பினால் அறையின் ஒலியை அளக்கும் 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்ற இலவச மென்பொருளும் அளவீட்டு மைக் ஒன்றும் போதும். போனின் மைக்கை பேஸ் விடயத்தில் நம்ப வேண்டாம். கரையோர ரயில் போகும் நேரத்தில் அளக்கவும் வேண்டாம், 40 ஹேர்ட்ஸில் ஒரு மலை தெரியும்.

பின்னால் துளையுள்ள பெட்டி என்றால் அந்தத் துளைக்குச் சுத்தமான ஒரு சோடி சொக்ஸைச் சுருட்டிச் செருகிப் பாருங்கள். குமுறல் அடங்கும், மிகக் கீழ்ச் சுரங்களில் கோன் கட்டில்லாமல் ஆடுவதும் குறையும். பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிடலாம், உள்ளே மட்டும் விழ விடாதீர்கள்.

கடல் காற்றை மறந்துவிடக் கூடாது. மரைன் டிரைவ் பக்கம் யன்னல் திறந்த வீடென்றால் ஸ்பீக்கர் வயரின் செம்பு சில மாதங்களில் கறுத்துப் பச்சை பிடிக்கும். அவ்வப்போது முனையில் அரை அங்குலம் வெட்டி, புதிதாக உரித்து முறுக்கிப் போடுங்கள். முறுக்கும்போது ஒரு இழைகூட வெளியே நீட்டிப் பக்கத்து முனையைத் தொடக் கூடாது, அம்பின் ட்ரான்சிஸ்டர்கள் போவதற்கு அந்த ஒரு இழை போதும். வயர் கழற்றுவதும் கொழுவுவதும் அம்ப் அணைந்திருக்கும்போது மட்டும். ஐந்து மீற்றருக்குள் என்றால் ஒன்றரை சதுர மில்லிமீற்றர் சாதாரண செப்பு வயர் தாராளம், அதற்கு மேல் செலவழிப்பது உங்கள் விருப்பம். மாமாவின் ஸ்பீக்கர் 90களில் செய்ததென்றால் வூஃபரைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ரப்பர் என்றால் கவலையில்லை. ஃபோம் என்றால் நமது ஈரப்பதத்தில் அது ஒருநாள் மாவாக உதிரும். உதிர்ந்தால் வூஃபரை எறிய வேண்டாம், வளையத்தை மட்டும் மாற்றி ஒட்டலாம். உதிர்ந்த நிலையில் ஓட்டினால்தான் சுருள் உரசி முழுதாகப் போகும்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் சுவிட்சை அணைப்பதோடு நிறுத்தாமல் பிளக்கைச் சுவரில் இருந்து இழுத்துவிடுங்கள். ரீவி அம்போடு தொடுத்திருந்தால் டிஷ் கேபிளையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாலும் வரும். கரண்ட் போய் வந்தால் வொலியூமைச் சைபருக்குக் கொண்டுபோய், ரிலே 'டிக்' என்ற பிறகு மெல்ல ஏற்றுங்கள்.

முதலில் பின் தகட்டில் வோல்ட் என்ன என்று பாருங்கள், பிறகு டிசியை அளந்துவிடுங்கள். அந்த இரண்டு எண்ணையும் எழுதுங்கள். பேஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வைத்து, லவுட்னஸை எடுத்துவிட்டு, செற்றியை முன்னால் இழுத்த பிறகும் குரல் மங்கலாக இருந்தால், ஸ்பீக்கர் எந்தச் சுவரில் இருந்து எத்தனை அடியில் நிற்கிறது என்று ஒரு படம் கீறி அனுப்புங்கள், அதை வைத்துக் கதைப்போம்.